காது வாங்கிய படகு

என் வீட்டுக்காரரை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காது என்பார்கள். "காதைக் கூப்பிடு", "காது இன்னைக்கு லீவு", "காது கையெழுத்துப் போட்டாச்சா?" என்றுதான் பேச்சு. குடிநீர்ப் பிரிவில் இருபத்தேழு வருடமாக அவருக்கு ஒரே வேலை. மண்ணுக்குள் போகிற குழாய் எந்த இடத்தில் கசிகிறது என்று கேட்டுச் சொல்ல வேண்டும். அதற்கென்று ஓர் இரும்புக் கம்பி வைத்திருக்கிறார், மேல்முனையில் மரக்குமிழ். கம்பியைத் தரையில் ஊன்றி, குமிழில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு செருப்புக் காலால் ஒரு கோடு கிழித்து, "இங்க தோண்டு" என்பார். தோண்டினால் தண்ணீர் இருக்கும்.

அந்தக் காதுக்குத்தான் இப்போது காது கேட்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிக்கொண்டவளிடமும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதில் ஒரு படகு வாங்கி வந்தார்.

பதினாலு அடி நீள அலுமினியப் படகு. எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் கார் ஷெட் ஒன்று உண்டு, கார் கிடையாது. ஷெட்டின் நீளம் பன்னிரண்டு அடி. மிச்சம் இரண்டடி தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது. போகிறவர்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, பெரிய காரியம் முடித்தவர்போலக் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் ஊரில் படகு விடுகிற அளவுக்குத் தண்ணீர் இருப்பது ஏரியில் மட்டும்தான், அது ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்குத் தெரியும் என்று அவர் சொல்கிறார்.

"எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"ரிட்டயர்டு ஆனப்புறம் வேணுமில்ல?"

"ரிட்டயர்டு ஆனவங்கெல்லாம் படகா வெச்சிருக்காங்க?"

"இல்லாததாலதான் அவங்கெல்லாம் திண்டாடுறாங்க" என்றார். இப்படிப் பேசுகிற மனிதரோடு மேற்கொண்டு என்ன பேசுவது?

பம்பிங் ஸ்டேஷனுக்குப் பின்னால் பத்து வருடமாகக் கவிழ்ந்து கிடந்த படகாம். கழித்துக்கட்டிய சாமான்களோடு ஏலத்துக்கு வந்திருக்கிறது. ஏலத்தில் கையைத் தூக்கியது இவர் ஒருத்தர்தான். குழி தோண்டுகிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருப்பவர் பிறகு என்னிடம் சொன்ன கணக்கு வேறு. "டீ யாருக்கு வேணும்னு கேக்குறாங்கன்னு நெனச்சுக் கையைத் தூக்கிட்டாருக்கா." இவரிடம் கேட்டால் கோபம் வருகிறது. எது நிஜமோ, வீட்டுக்கு வந்தது டீ இல்லை.

நான் வீட்டிலேயே தைக்கிறேன். இடுப்பைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, அந்த வகை. முன்னறையில் தையல் மெஷின், அதற்குப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே படகு. வருகிறவர்கள் துணியைக் கொடுப்பதற்கு முன்னால் படகைப் பற்றி விசாரிப்பார்கள். அதிலும் எதிர்வீட்டு பஸ் கண்டக்டர் தினமும் வந்து, டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டுப் போவார். அது கிடந்த கோலத்துக்கு யார்தான் பார்க்க மாட்டார்கள்? பெயிண்ட் ஐந்து பூச்சு, ஒன்றின் மேல் ஒன்றாக உரிந்திருந்தது. பின்பக்கம் மோட்டார் மாட்டுகிற பலகை மக்கிப்போய், விரலால் தோண்டினால் கேக் மாதிரி வந்தது. மோட்டார் தனியாக ஒரு சாக்கில் வந்து இறங்கியது. அந்தச் சாக்கு என் சமையலறையில் பதினோரு நாள் இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை படகை நான்கு கட்டைகள் மேல் தூக்கி வைத்து, தோட்டத்து ஹோஸை எடுத்து உள்ளே தண்ணீரை நிரப்பினார்.

கண்டக்டர் பொறுக்க முடியாமல் ஓடி வந்தார். "சார், எனக்குத் தெரிஞ்சு படகுன்னா தண்ணி வெளியில இருக்கணும்."

"அங்கேருந்து பாத்தா ஓட்டை தெரியாது. இங்கேருந்து பாத்தாத் தெரியும்" என்று இவர் படகுக்கு அடியில் குனிந்தார். இவர் சொன்னது சரிதான். உள்ளே ஊற்றின தண்ணீர் எங்கெல்லாம் ஓட்டையோ அங்கெல்லாம் சொட்டியது. தகடுகளைச் சேர்த்து அடித்த ரிவிட்டுகள் தேய்ந்து தளர்ந்திருந்தன. சொட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். மொத்தம் நாற்பத்தோரு வட்டம். கல்யாண ஆல்பத்தில்கூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை, நான் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

அடுத்த வாரம் மேஸ்திரி ஒரு பேண்ட்டோடு வந்தார். இடுப்பை அளந்து பார்த்தேன். பிடிக்கவும் இல்லை, தளரவும் இல்லை.

"பேண்ட்டு நல்லாத்தானே இருக்கு?"

"இருக்குக்கா. ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"மொதல்ல சொல்லுங்க. கோச்சுக்கறதா வேண்டாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

"ஒரே மாசத்துல மூணு குழி. மூணும் காஞ்ச மண்ணு. அவர் காட்டுன எடத்துலதான் தோண்டுனோம்."

"பழைய குழாய், சத்தம் வேற பக்கமா வருதுன்னு சொன்னாரே?"

"அது மொத குழிக்குச் சொன்னது. குழி கெடக்கட்டும்க்கா, மண்ணைத் தள்ளி மூடிடலாம். போன வியாழக்கிழமை நடுரோட்டுல கம்பிய ஊணிக் கண்ண மூடிட்டு நிக்கிறாரு. பின்னால லாரி. ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றான், இவர் அசையல. நான்தான் சட்டையப் புடிச்சு இழுத்தேன். கேட்டுக்கிட்டிருக்கறப்பத் தொடாதேன்னு என்னையத் திட்டுறாரு."

என் கையில் இருந்த அளவு நாடா கீழே விழுந்தது. மேஸ்திரியே எடுத்துக் கொடுத்தார்.

"நாங்க போய் மேல சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். அவரா வாயத் தெறந்து சொன்னா ஸ்டோர்ல ஒக்கார வெச்சுடுவாங்க, மரியாதையாப் போயிடும். எப்படியாவது சொல்ல வைங்கக்கா. அடுத்த தடவை நான் பக்கத்துல இருப்பனோ இல்லையோ."

அன்று சாயங்காலமே நேருக்கு நேர் நின்று கேட்டேன். "உங்களுக்குக் காது நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதே. நீ ஏன் கத்துற?" என்றார். நான் கத்தவில்லை.

மேஸ்திரி கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்றுதான் அப்போதும் மனதைத் தேற்றிக்கொண்டேன். வீட்டில் நான் பேசுகிற எல்லாவற்றுக்கும் பதில் வந்துகொண்டுதானே இருந்தது. பதில் என்றால் "ம்". கல்யாணமான நாளிலிருந்து அதே "ம்"தான், அதில் வித்தியாசம் கண்டுபிடிக்க யாரால் முடியும்?

அப்புறம் ரிவிட் அடிக்கிற வேலை வந்தது. அது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை. தகட்டில் பழைய ரிவிட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, அந்தத் துளையில் புதிதாக ஒன்றை வெளியிலிருந்து செருக வேண்டும். ஒருவர் வெளியே நின்று அதன் தலையில் சுத்தியலால் அடிக்க, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து வால் பக்கம் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் வால் நசுங்கிக் கெட்டியாக உட்காரும். அவர் வெளியே, நான் உள்ளே. "வெச்சாச்சு" என்பேன், அடிப்பார். "போதும்" என்பேன், நிறுத்துவார். பக்கத் தகடுகளுக்கு என் தலை மேலே தெரிந்துகொண்டிருந்தது. ஒரே நாளில் பதினாறு ரிவிட், ஒரு பிசகு இல்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அடித்தகட்டுக்காகப் படகைக் கவிழ்த்துப் போட்டோம். நான் அடியில் தவழ்ந்து போய்ப் படுத்துக்கொண்டேன். பதினேழாவது ரிவிட்டில் கை மரத்துப்போய்விட்டது. கட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டே, "விடுங்க, கை வலிக்குது" என்றேன். அவர் விட்டார் ஒரு அடி. ரிவிட் வாலுக்கும் கட்டிக்கும் நடுவில் என் ஆள்காட்டி விரல் இருந்தது.

டிஸ்பென்சரியில் நர்ஸ், "எப்படி ஆச்சு?" என்று கேட்டாள். "படகுக்கு ரிவிட் அடிச்சோம். நான் விடுங்கன்னு சொன்னேன், இவர் அடிச்சிட்டாரு" என்றேன். அவள் என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்துவிட்டு, அவரை வெளியே உட்காரச் சொன்னாள்.

விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் ஆப்பிளோடு வந்தாள். கண்டக்டர் வெறுங்கையோடு வந்தார். என் விரல் கட்டுப் போட்டு நடுவில் இருக்க, பஞ்சாயத்து ஆரம்பித்தது.

"அவதான் விடுன்னா. நான் விட்டேன்" என்றார் இவர், கையை விரித்துக்கொண்டு.

"எங்கண்ணன் மேல தப்பே இல்ல. ஓங்கி ஒண்ணு விடுன்னு சொல்றதில்லையா? விடுன்னா அடிக்கிறதுதான்" என்றாள் நாத்தனார்.

"அது 'ஒண்ணு விடு'ம்மா. வெறும் 'விடு'ன்னா பேசாம இருன்னு அர்த்தம்" என்றார் கண்டக்டர். ஆனால் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அதுக்காக அப்படியும் சொல்லிட முடியாது. என் பஸ்ல பாசஞ்சர் 'விடுங்க'ன்னா எறங்க வழி விடுன்னு அர்த்தம். நான் டிரைவர்கிட்ட 'விடு'ன்னா வண்டிய எடுன்னு அர்த்தம். ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா என்ன ஆகும் பாருங்க."

ஒரு மணி நேரம் இப்படியே போனது. விடுமுறை விடுவது, மூச்சு விடுவது, தூது விடுவது எல்லாம் வந்துபோயின. கதை விடுவதற்கும் அதே சொல்தான் என்பது எனக்கு மட்டும்தான் தோன்றியது. ஏனென்றால் டிஸ்பென்சரிக்குப் போகிற வழியில், கர்ச்சீஃப்பை என் விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டே, "அப்ப நீ என்ன சொன்ன? என்ன சொன்ன?" என்று மூன்று தடவை கேட்டார். நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன், பதில் சொல்லவில்லை. நர்ஸிடம் நான் சொன்னபோது அவர் எனக்கு எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன வார்த்தை அவருக்கு வந்துசேர்ந்தது அங்கேதான்.

விரல் ஆறியதும் மறுபடி படகுக்கு அடியில் போனேன். போகாதே என்று நாத்தனார் சொன்னதாலும் போனேன். விரலையெல்லாம் தூர வைத்துக்கொண்டு கட்டியை அழுத்திப் பிடித்தேன்.

"என்னங்க, ஷெட்டு பத்திக்கிச்சு" என்றேன்.

டொக், டொக்.

"உங்க தங்கச்சி பெட்டியோட வந்திருக்கா. ஆறு மாசம் இருக்கப் போறாளாம்."

டொக், டொக், டொக். சுத்தியல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. அதற்கு மேலும் எனக்குச் சந்தேகம் இருக்குமா?

அப்புறம் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. மல்லாந்து படுத்தபடி பேச ஆரம்பித்துவிட்டேன். மெயின் ரோட்டில் ஒரு கடை எடுத்துத் தைக்கிறேன் என்று கேட்டபோது "அப்புறம் பாக்கலாம்" என்றீர்களே, அந்த அப்புறம் எப்போது வரும்? என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஏதோ தெருவில் குழாய் கசிகிறது என்று போனீர்களே, அந்தத் தெருவில் மனிதர்கள் தாகத்தில் செத்தார்களா? உங்கள் சட்டைக் காலர் அத்தனையும் நான் திருப்பித் தைத்தது, ஒரு நாளாவது கண்ணுக்குத் தெரிந்ததா? இருபத்தாறு வருடத்தில் தொண்டையோடு நிறுத்தியதை எல்லாம் ஆறு ரிவிட்டுக்குள் கொட்டினேன். அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்லக் கோபம் தீர்ந்துபோய், கடைசியில் சொல்ல மிச்சமிருந்தது பயம் ஒன்றுதான்.

"லாரியில அடிபட்டுச் செத்துப்போயிடாதீங்க" என்றேன்.

டொக், டொக்.

அழுதேன். அலுமினியத்துக்கு அடியில் படுத்து அழுதால் சத்தம் நாலு பங்காகக் கேட்கும். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வெளியே கையெட்டும் தூரத்தில் நின்றவர் அடுத்த ரிவிட்டை எடுத்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் எதிரில் நின்று, வாயை நன்றாகத் திறந்து, "இனிமே உள்ளேருந்து நான் ரெண்டு தட்டுத் தட்டுறேன். தகட்டுல கையை வெச்சிருங்க. அதிர்ந்தா அடிங்க" என்றேன். அவர் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஏன் என்று கேட்டிருக்கலாம்.

"அதுவும் நல்லதுதான். உனக்கு வாய் வலிக்காது" என்றார்.

உண்மைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுத் திரும்பிப் போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் நானாகச் சொல்லிக் காட்டுவதாக இல்லை. நான் சொன்னால், "இல்லவே இல்ல" என்று ஒரு வார்த்தையில் கதவைச் சாத்திவிட்டு, மறுநாள் காலை கம்பியை எடுத்துக்கொண்டு நடுரோட்டுக்குக் கிளம்பிவிடுவார். அவர் வாயாலேயே வர வேண்டும். தினமும் காலையில் அவர் கிளம்பினால், திரும்பி வரும் வரை லாரிச் சத்தம் எது கேட்டாலும் என் மெஷின் நின்றுவிடும். அந்த மாதம் யாருடைய துணியும் சொன்ன நாளில் முடியவில்லை.

தட்டிச் சொல்வது என்று வைத்துக்கொண்ட பிறகு வேலை விறுவிறுவென்று போனது. பின்பலகை புதிதாக வந்தது, பெயிண்ட் சாம்பல் நிறம் அடித்தார். மறுபடி தண்ணீர் நிரப்பியபோது நாற்பத்தொன்று ஆறாக இறங்கியது, இன்னொரு ஞாயிறு பார்த்தபோது ஒன்றுமில்லை. அவர் படகைச் சுற்றிச் சுற்றி வந்து, காய்ந்த தகட்டைக் கையால் தடவிப் பார்த்தார். கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கக் கூடிய கசிவு இந்த உலகத்தில் அவருக்கு அது ஒன்றுதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் அந்தப் படகைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஏரிக்குப் போன அன்று கண்டக்டர் ஒரு வேனும் டிரெய்லரும் ஏற்பாடு செய்து, நாங்கள் ஏறும் வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். "ஏதாவதுன்னா கத்துங்க" என்றார். நான் மிதவைச் சட்டையை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு முன்பலகையில், முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். அவர் பின்னால், மோட்டாரோடு. நாலாவது இழுப்பில் அது பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகு அந்தச் சத்தத்தில் எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கால் மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் சமமாக இருந்தோம். காற்று முகத்தில் அடித்தது, நன்றாகத்தான் இருந்தது.

நடு ஏரியில் மோட்டாரை நிறுத்தினார். அப்போது கேட்டது. எனக்குப் பின்னால், எங்கேயோ தகட்டில், ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம். மோட்டார் உதறியதில் எங்கோ ஒன்று தளர்ந்திருக்கிறது.

"கசியுதுங்க" என்றேன், தலையைத் திருப்பாமல்.

சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன். "நல்லாருக்கில்ல?" என்றார் அவர் பின்னாலிருந்து, ரொம்பத் திருப்தியாக.

திரும்பி முகத்தைக் காட்டியிருக்கலாம், கையையாவது நீட்டியிருக்கலாம். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு வீம்பு. திரும்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். நீச்சல் தெரியாதவள் செய்கிற காரியமா அது? பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். படகு பின்பக்கம் தாழ்ந்திருந்ததால் தண்ணீர் அவர் காலுக்குத்தான் முதலில் போனது.

"தண்ணி வருது போலிருக்கே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஏய், உனக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?"

"கேக்குது" என்றேன், ஏரியைப் பார்த்து.

"என்ன?"

"கேக்குதுன்னேன்."

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லேன்."

"ஏன் திரும்பணும்?"

அந்த ஸ்ஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எனக்குக் கேக்கல" என்றார் என் முதுகுக்குப் பின்னால். "எதுவும் கேக்கல. ஒன் வாயைப் பாத்தாத்தான் புரியுது. ரெண்டு வருஷமாக் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுச்சு. இப்ப ரோட்டுல கம்பிய வெச்சா ஒண்ணுமே இல்ல. சும்மா கண்ண மூடி நின்னுட்டு, ஏதோ ஒரு எடத்தைக் காட்டிட்டு வர்றேன்."

திரும்பினேன். அவர் இரண்டு காலும் தண்ணீரில் இருக்க, சின்னப் பிள்ளை பரீட்சைத்தாளை நீட்டுவதுபோல முகத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க கசியுதுன்னு நீ கேட்டுச் சொல்லு" என்றார்.

முட்டி போட்டுத் தகட்டில் காதை வைத்தேன். இரண்டு இடம் மாறிப் பார்த்து, நடுப்பலகைக்கு அடியில் விரலை வைத்து, "இங்க" என்றேன். அவர் டூல் பெட்டியிலிருந்து ஒரு சோப்புக் கட்டியை எடுத்து அந்த ரிவிட்டைச் சுற்றி அழுத்தித் தேய்த்தார். சத்தம் நின்றது. நின்றுவிட்டது என்று நான் தலையசைத்த பிறகுதான் கையை எடுத்தார்.

"நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"கேக்கலைன்னுதான். இருபத்தேழு வருஷம் இந்தக் காதை வெச்சுத்தான் எல்லாரும் நம்மளைக் கூப்பிட்டாங்க. இனிமே சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்" என்றேன், அவர் முகத்துக்கு நேராக. "உங்களுக்குத்தான் கேக்காதே."

சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்று என் வாயையே ஒரு கணம் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் மக்கை எடுத்துத் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன், யாராவது ஒருத்தர் அதைச் செய்ய வேண்டியிருந்தது.